குப்பையில் கிடந்த நெல்: நெற்குப்பை சோமலெயும் சில செட்டிநாட்டுக்காரர்களும்

1/
இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், மாத்திரை எதுவும் கிடையாது. ஒரு வரலாறு சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

2/
சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் தாலுகாவில் நெற்குப்பைன்னு ஒரு பேரூர் இருக்கு. செட்டிநாட்டு ஊர்களில் ஒண்ணு. பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. "என்னங்க, ஊர் பேரே குப்பையா?"

சிரிக்க வேண்டியதில்லை. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். நெற்குப்பை என்றால் நெற்குவியல். களத்துமேட்டில் அடிச்சு, தூற்றி, மலைபோல் குவிச்சு வைக்கும் நெல். வளமான வார்த்தை. காலப்போக்கில் தூக்கிப்போடும் பொருளுக்கு அதே சொல் வந்து ஒட்டிக்கிச்சு.

3/
சொல் ஒண்ணுதான். அதைக் குவியலாகப் பார்க்கிறதா, கழிவாகப் பார்க்கிறதா என்பது பார்க்கிறவர் கண்ணில் இருக்கு. இந்த இழை முழுக்க அந்தக் கண்ணைப் பற்றித்தான். ஊரே தூக்கிப்போட்டதை நெல்லாகப் பார்த்த சில செட்டிநாட்டு மனுஷங்க கதை இது. முதல் ஆள் இதே நெற்குப்பையில் பிறந்தவர்.

4/
அவர் பெயர் சோமலெ. சோம. லெட்சுமணன் செட்டியார் என்ற பெயரின் சுருக்கம். 1921-ல் பிறந்தார், 1986-ல் மறைந்தார். தமிழில் பயண இலக்கியம் என்றால் ஏ.கே. செட்டியாருக்கு அடுத்து எல்லாரும் சொல்லும் பெயர் இவருடையது. 1950-ல் 'அமெரிக்காவைப் பார்' என்று புத்தகம் போட்டவர். விமானப் பயணம் என்பதே ஊருக்கு ஒருத்தர் இரண்டு பேருக்குத்தான் வாய்க்கும் என்றிருந்த காலம் அது.

5/
உலகம் சுத்தினவங்க பல பேர் உண்டு. சோமலெ செஞ்ச வித்தியாசமான வேலை என்னன்னா, உலகத்தைப் பார்த்த அதே ஆர்வத்தோட உள்ளூரையும் பார்த்தார். தமிழ்நாட்டை மாவட்டம் மாவட்டமாக எடுத்துக்கிட்டு தனித்தனிப் புத்தகம் எழுதினார். சேலம், கோயம்புத்தூர், மதுரை, இராமநாதபுரம் என்று அந்த வரிசை போகும். (சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான். அதுவரை நெற்குப்பையும் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.)

6/
1973-ல் நேஷனல் புக் டிரஸ்ட் அவரை வைத்து தமிழ்நாட்டு நாட்டுப்புறவியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நூல் என்ற வரிசையில் அது நம்ம ஊருக்கான நூல். பழக்கவழக்கம், நம்பிக்கை, திருவிழா, பழமொழி, பாட்டு, விளையாட்டு என்று எல்லாத்துக்கும் அதில் இடம் உண்டு. பிறகு 'தமிழ்நாட்டு மக்களின் மரபும் பண்பாடும்' என்று தமிழிலும் எழுதினார்.

7/
ஒரு டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். சொல்றேன்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது வார்டுக்குள்ள காலடி வச்சதும் எங்களுக்குக் கத்துக்கொடுக்கும் முதல் பாடம் ஹிஸ்டரி டேக்கிங். ஸ்டெதஸ்கோப் அப்புறம்தான். பெயர், வயசு, ஊர், தொழில் கேட்கணும். அடுத்து, வந்த தொந்தரவை நோயாளி சொன்ன வார்த்தையிலேயே எழுதணும். "நெஞ்சு கரிக்குது" என்று சொன்னால் அப்படியே எழுதணும். நாமளா அதை மருத்துவ வார்த்தையா மாத்தி எழுதினா பேராசிரியர் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் கொடுப்பார்.

8/
ஏன் அவ்வளவு கண்டிப்பு? மாத்தி எழுதும்போது தகவல் தொலைஞ்சு போகும். "கரிக்குது", "அடைக்குது", "குத்துது", "பிசையுது" நாலும் நாலு வேற வலி. நாலையும் "நெஞ்சுவலி" என்று எழுதினா, மாரடைப்புக்கும் வாயுக்கும் வித்தியாசம் காட்டும் முதல் தடயம் அங்கேயே போயிடும்.

நாட்டுப்புறவியல் சேகரிப்பவரின் முதல் விதியும் இதேதான். பாடினவர் வாயில் எப்படி வந்ததோ அப்படியே எழுது. இலக்கணம் திருத்தாதே. சோமலெ மாவட்டம் மாவட்டமா செஞ்ச வேலையை நான் தமிழ்நாட்டுக்கே எழுதின கேஸ் ஷீட்டாகத்தான் பார்க்கிறேன்.

9/
இந்த வேலைக்கு ஒரு உலக வரலாறும் உண்டு. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து முதல் தொகுதி போட்டது 1812. இங்கிலாந்தில் வில்லியம் தாம்ஸ் 'ஃபோக்லோர்' என்ற சொல்லை உருவாக்கியது 1846. தென்னிந்தியப் பாடல்களைச் சார்லஸ் கோவர் தொகுத்து வெளியிட்டது 1871.

தமிழில் மு. அருணாசலம் 1943-ல் 'காற்றிலே மிதந்த கவிதை' கொண்டு வந்தார். செ. அன்னகாமு 'ஏட்டில் எழுதாக் கவிதைகள்' தொகுத்தார். நா. வானமாமலை வாழ்நாளையே இதற்குக் கொடுத்தார். தலைப்புகளைக் கவனிங்க. காற்றில் மிதந்தது, ஏட்டில் எழுதாதது. பிடிக்காம விட்டா போயிடும் என்ற பதற்றம் அந்தத் தலைப்புகளிலேயே இருக்கு.

10/
செட்டிநாட்டில் அப்படிக் காற்றில் மிதந்த பெரிய சொத்து தாலாட்டு. நகரத்தார் வீட்டுத் தாலாட்டு ரொம்ப நீளம். பிள்ளை வேண்டி எந்தெந்தக் கோயிலுக்குப் போனாங்க, என்ன நோன்பு இருந்தாங்க, அம்மான் என்ன சீர் கொண்டு வந்தார், அப்பச்சி கொண்டுவிக்கப் போன ஊர் எது என்று குடும்ப வரலாறே அதில் வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி அதை முழுசா மனப்பாடமா வச்சிருப்பாங்க.

11/
இப்போ அறிவியல் பக்கம் வருவோம்.

பிறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைக்குத் தன் அம்மா குரல் தெரியும். 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினாங்க. குழந்தை சப்பும் வேகத்தை மாத்தினா அம்மா குரல் கேட்கும், இன்னொரு வேகத்தில் சப்பினா வேற பெண் குரல் கேட்கும் என்று ஒரு ரப்பர் நிப்பிளோட ஏற்பாடு பண்ணினாங்க. குழந்தைங்க அம்மா குரல் வரும்படியே சப்பினதுங்க. எவ்வளவு எளிமையான, அழகான சோதனை பாருங்க. வாய் பேசாத உயிர்கிட்ட கேள்வி கேட்டு பதில் வாங்கிட்டாங்க.

12/
2013-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 272 குறைமாதக் குழந்தைகள். பெற்றோர் தங்களுக்குப் பிடிச்ச பாட்டையே தாலாட்டாகப் பாடினபோது குழந்தைகள் பால் குடிப்பதும் தூங்குவதும் மேம்பட்டது. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

தாலாட்டு மருந்துக்கு மாற்று இல்ல. குறைமாதக் குழந்தைக்கு வார்மர் வேணும், தாய்ப்பால் வேணும், கங்காரு முறையில் தோலோட தோல் அணைப்பு வேணும். அதோட ஒரு பாட்டும் சேர்ந்தா நல்லது என்றுதான் ஆய்வு சொல்லுது. நம்ம அப்பத்தா இதை ஆய்வு இல்லாமலே செஞ்சுக்கிட்டிருந்தாங்க.

13/
ஆனா ஒண்ணு சொல்லிடறேன். "பழசெல்லாம் பொன்" என்று கிளம்பிடாதீங்க. நாட்டு வழக்கம் என்ற அதே மூட்டைக்குள்ளதான் பிறந்த குழந்தை நாக்கில் சேனை வைப்பதும் இருக்கு, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுறதும் இருக்கு, மஞ்சள் காமாலைக்குச் சூடு போடுறதும் இருக்கு. சூடு போட்டு, புண் சீழ் பிடிச்சு வரும் குழந்தையைப் பார்த்த எந்த அரசு மருத்துவரும் அதை மரபு என்று ரசிக்க மாட்டார்.

பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். இதில் பேரம் கிடையாது. பாட்டை வாங்கிக்கோங்க, சூட்டுக்கோலை விட்டுடுங்க.

14/
சோமலெ போன்றவங்க எழுதி வச்சதோட மதிப்பு இங்கேதான் புரியும். அவங்க நல்லது கெட்டது என்று கழிச்சுத் தள்ளாம எழுதி வச்சாங்க. எழுத்தில் இருந்தாத்தான் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று உட்கார்ந்து பேச முடியும். எழுதாம விட்டா இரண்டும் சேர்ந்தே மறையும். இல்லேன்னா நல்லது மறைஞ்சு கெட்டது மட்டும் தங்கும். கண்ணெதிரே அதுதான் நடக்குது. பேத்திக்குத் தாலாட்டு இரண்டு வரிக்கு மேல தெரியல. சேனை வைக்க மட்டும் இன்னமும் ஆள் இருக்கு.

15/
தாலாட்டுக்கு எதிர் முனையில் ஒப்பாரி. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின சத்தம். பழகினதாலேயே காதில் விழாத சத்தம். ஒரு நாள் நின்னு கேட்டுப் பாருங்க. செத்தவர் என்ன தொழில் பார்த்தார், யார்கிட்ட கடன் பட்டார், எப்போலேருந்து இருமினார், எந்த ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சார், எந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகல, எல்லாம் அதில் வரும். அந்த நேரத்து அழுகையிலேயே கட்டின பாட்டு.

16/
பொது சுகாதாரத்தில் 'வெர்பல் அடாப்சி' என்று ஒரு முறை இருக்கு. நம்ம நாட்டில் நிறைய பேர் டாக்டர் கண்ணில் படாமலே வீட்டில் இறந்து போறாங்க. காரணம் தெரியாது. அதனால் பயிற்சி பெற்ற ஆள் அந்த வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தார் சொல்வதை அவங்க மொழியிலேயே எழுதிக்கிட்டு வருவார். இரண்டு டாக்டர்கள் தனித்தனியா படிச்சு காரணத்தைத் தீர்மானிப்பாங்க. இந்தியாவின் 'மில்லியன் டெத் ஸ்டடி' இந்த முறையில்தான் நடந்தது. புகையிலையால எத்தனை பேர் சாகிறாங்க, பாம்புக்கடியால எத்தனை பேர் என்று நாட்டுக்குத் தெரிய வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒப்பாரியும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல. இழந்தவங்க வாயில் வரும் வார்த்தைக்குள்ள தகவல் இருக்கு என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. காது கொடுக்கணும், அவ்வளவுதான்.

17/
இரண்டாவது ஆள். காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருத்தர். படித்த பேராசிரியர் இல்ல. விளம்பரப் பலகை எழுதின ஓவியர். அவருக்கு ஒரு பித்து. அச்சான தமிழ்க் காகிதம் எதுவா இருந்தாலும் சேர்ப்பார். இலக்கியம், சித்த மருத்துவச் சுவடி நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமா பாட்டுப் புத்தகம் என்று எதையும் விடல.

18/
பாட்டுப் புத்தகம் இந்தத் தலைமுறைக்குத் தெரிய வாய்ப்பில்ல. அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்கும். படத்தின் பாட்டெல்லாம் இருக்கும், நடிகர் பெயர் இருக்கும், கதையைப் பாதி சொல்லி மீதியைத் திரையில் பாருங்க என்று நிறுத்திடுவாங்க. படம் பார்த்துட்டு வந்தா கடலை மடிக்கிற காகிதம். இதைப் போய் ஒருத்தர் அடுக்கி வச்சிருந்தா ஊர் என்ன சொல்லும்? குப்பை சேர்க்கிறார்னுதான் சொல்லும்.

19/
இப்போ இதைக் கேளுங்க. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் படச்சுருள் இன்னைக்கு உலகத்தில் எங்கேயும் இல்ல. 1930-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானதுக்கு அதே கதி.

காரணம் வேதியியல். அந்தக் கால ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டில் ஆனது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே சிதையும், பிசுபிசுக்கும், கடைசியில் தூளாகும். சீக்கிரம் தீப்பிடிக்கும், பிடிச்சா அணைக்கிறது கஷ்டம். நம்ம ஊர் வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்? வெள்ளிக்காக ஃபிலிமை உருக்கினதும் உண்டு. இப்படித் தொலைஞ்ச படங்களைப் பற்றி இன்னைக்கு நமக்குத் தெரியும் விஷயத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வருதுன்னா, அந்தக் கடலை மடிக்கிற பாட்டுப் புத்தகத்திலிருந்துதான்.

20/
முத்தையா 1992-ல் இறந்தபோது அவர் சேர்ப்பில் சுமார் 1 லட்சம் உருப்படிகள். அதன் மதிப்பு உள்ளூருக்குத் தெரியும் முன்னே சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தெரிஞ்சது. 1994-ல் விலைக்கு வாங்கினாங்க. நல்லவேளை, கப்பல் ஏத்திக் கொண்டுபோகல. சென்னையிலேயே வச்சு, மைக்ரோஃபிலிம் எடுத்து, நூலகமாக்கினாங்க. அதுதான் இன்னைக்கு தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் அச்சு வரலாறு, சினிமா வரலாறு, சித்த மருத்துவ வரலாறு எதை எழுதுறவரும் அந்த வாசலை மிதிக்காம எழுத முடியாது.

21/
மூணாவது ஆள் எல்லாருக்கும் தெரிஞ்சவர். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன். ஏவிஎம் என்றாலே நமக்கு வடபழனிதான் ஞாபகம் வரும். அதற்கு முன்னாடி ஏவிஎம் ஸ்டூடியோ காரைக்குடி தேவகோட்டை சாலையில் இருந்தது. உலகப்போர் நேரம், சென்னையில் மின்சாரம் கிடைக்கிறது பாடாக இருந்தது. சொந்த ஊருக்கு வந்து கொட்டகை போட்டார். 1947 பொங்கலுக்கு வெளியான 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம்தான். பாரதியார் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, சுதந்திரத்துக்கு ஏழு மாசம் முன்னாடி அது ஊர் ஊராக ஓடினது. பள்ளிக்கூடம் போகாத ஜனத்துக்கும் பாரதி பாட்டு காதில் விழுந்தது. பாரதி பாட்டின் உரிமை அப்போ மெய்யப்பன்கிட்ட இருந்தது. 1949-ல் அரசு கைக்குப் போய், பிறகு பொதுச் சொத்தாச்சு.

22/
நாலாவது ஆள் அழகப்பச் செட்டியார். அவரும் கோட்டையூர்க்காரர். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் வரணும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். செக்ரி என்று நாம சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அதுதான். பேட்டரி, துருப்பிடிப்பு, மின்முலாம் எல்லாம் அவங்க ஆராய்ச்சித் துறை. மின்வேதியியல் தூரத்து விஷயம் இல்ல மக்களே. விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிறீங்களே, அந்த குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்குள்ள நடப்பதே அதுதான். ரத்தத்துச் சர்க்கரை ஒரு நொதியோட வினைபுரிஞ்சு சின்னதா மின்சாரம் உண்டாக்கும். மீட்டர் அதைத்தான் அளக்குது.

23/
இந்த நாலு பேரும் வேலை செஞ்ச காலத்தைக் கவனிங்க. செட்டிநாட்டுப் பணத்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைஞ்சதும் அந்த வாழ்வு முடிஞ்சது. அதற்குப் பிறகான காலத்தில்தான் ஒருத்தர் படம் எடுக்கிறார், ஒருத்தர் ஆய்வகத்துக்கு நிலம் கொடுக்கிறார், ஒருத்தர் காகிதம் சேர்க்கிறார், ஒருத்தர் ஊர் ஊராகப் போய் எழுதுகிறார். சொத்து போன பிறகும் எதை அழகு என்று பார்க்கணும், எதற்குச் செலவழிக்கணும் என்ற கண் போகல.

24/
இப்போ அந்தக் கண்ணை நம்ம பக்கம் திருப்புவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள் வரிசையா இருக்கு. தேக்குத் தூண், எனாமல் சட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட கடவுள் படம், ஊர் பேர் தெரியாத யாரோ தம்பதியின் கல்யாண போட்டோ எல்லாம் கிடைக்கும். பொருள் விற்பனைக்கு வரட்டும், குடும்பங்களுக்கு ஆயிரம் கஷ்டம். அந்தப் பொருளுக்குப் பின்னாடி இருந்த விவரம்தான் எந்தக் கடையிலும் வராது.

25/
ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கோங்க. சுடாத கல் அது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வச்சு, வண்ண சிமெண்டுக் கலவையை ஊத்தி, மேல மணல் சிமெண்டு போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவச்சு இறுகவைப்பாங்க. சூளையே இல்லாம அந்தப் பளபளப்பு எப்படின்னா, கண்ணாடியின் வழவழப்பை சிமெண்டு அப்படியே வாங்கிக்குது. சுவரில் பூசின முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், சுண்ணாம்புப் பூச்சும் அப்படித்தான். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வருஷக்கணக்கில் இழுத்து மறுபடி கல்லாகுது. பார்க்க அழகு, காரணம் தெரிஞ்சா இன்னும் அழகு. அந்தக் கலவையின் பக்குவம் ஒரு வயசான கொத்தனார் கையில்தான் இருக்கு. அவர் நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தர் வார்டில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோட படுத்திருக்கலாம்.

26/
இதை ஒரு டாக்டரா ரொம்ப நேரடியா சொல்றேன். ஞாபகம் மூளையில் இருக்கும் பொருள். பக்கவாதம் ஒரு நாளில் பேச்சைப் பறிச்சுடும். மறதி நோய் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். மறதி நோயில் முதலில் போறது நேத்து சாப்பிட்டது, போன வாரம் வந்தவங்க. சின்ன வயசுப் பாட்டு ரொம்ப நாள் தங்கும். மகன் பெயர் தெரியாத அம்மா முழுத் தாலாட்டைப் பாடுறதும் உண்டு. ஆனா அதுக்கும் ஒரு கடைசி நாள் இருக்கு.

27/
அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க கையில் இருக்கும் போன், சோமலெ காலத்தில் எவருக்கும் கிடைக்காத கருவி.

அப்பத்தா, ஆயா, ஐயா யார் இருக்காங்களோ பக்கத்தில் உட்காருங்க. டிவியை அணைச்சுடுங்க. ரெக்கார்டரைப் போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. பெயர், வயசு, பிறந்த ஊர், பார்த்த தொழில் கேளுங்க. அப்புறம் ஒரு தாலாட்டு, ஒரு விடுகதை, முதன்முதலா பார்த்த சினிமா, எந்தக் கொட்டகை, டிக்கெட் எவ்வளவு. குறுக்கே பேசாதீங்க, திருத்தாதீங்க. காது சரியா கேட்கலைன்னா எதிரில் உட்கார்ந்து மெதுவா பேசுங்க. அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம், களைச்சுப் போவாங்க.

28/
முடிச்சதும் கோப்புக்குப் பெயர், தேதி, ஊர் போட்டு இரண்டு இடத்தில் சேமிச்சு வைங்க. பெயர் போடாத கேஸ் ஷீட் எந்த டாக்டருக்கும் உதவாது.

பரண் சுத்தம் பண்ணும்போது பழைய கணக்கு நோட்டு, கடிதம், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை கிடைச்சா எடைக்குப் போடாதீங்க. பக்கத்து நூலகத்தில் கேளுங்க. ரோஜா முத்தையா நூலகத்துக்கு எழுதுங்க. நெற்குப்பை பக்கம் வந்தா சோமலெ பெயரில் இருக்கும் நூலகத்தையும் ஒரு எட்டு பாருங்க.

29/
பதிவு பண்ணினவங்க கமெண்டில் ஒரு வரி சொல்லுங்க. எந்த ஊர், யார், என்ன பாட்டு. படிக்கக் காத்திருக்கேன்.

நைட் டியூட்டிக்கு நேரமாச்சு. வர்றேன்.